ஹாலோ பாடி கிட்டாரின் அந்த ‘டொக்’ சத்தம் எங்கிருந்து வருகிறது? (கூடவே ஒரு ஊளைப் பிரச்சினை)

மொட்டைமாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பதினைந்து வருடமாகச் சாலிட் பாடி (உடம்பு முழுக்கக் கட்டை மரம்) கிட்டார்தான் வாசிக்கிறேன். ஹாலோ பாடி (உடம்பு உள்ளே காலியான பெட்டி) என்றால் கோட்டு சூட்டு போட்ட ஜாஸ்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்து வாசிக்கும் சமாசாரம் என்றுதான் நினைத்திருந்தேன். போன வருடம் ஒரு இரவு பஸ்ஸில் தூக்கம் வராமல் 1950களின் ராக் அண்ட் ரோல் பாட்டுகளை வரிசையாகக் கேட்டேன், அன்றோடு புத்தி கெட்டுவிட்டது. எல்விஸுக்குப் பின்னால் வாசிக்கும் ஸ்காட்டி மூர், எடி காக்ரன், டுவேன் எடி, சக் பெரி. தேடிப் பார்த்தால் நாலு பேர் கையிலும் ஹாலோ பாடி. இன்றைக்கு நாம் ராக் என்று சொல்லும் அந்த இரைச்சல் இவர்களிடம் அவ்வளவாகக் கிடையாது. ஒவ்வொரு நோட்டும் மரக்கதவைத் தட்டியதுபோல ஒரு ‘டொக்’கோடு ஆரம்பித்து, கொஞ்சம் பூத்து, சட்டென்று அடங்கிவிடுகிறது. அந்த ‘டொக்’ எனக்கு வேண்டும்.

சேர்த்து வைத்த காசில் இரண்டு மாதம் முன்பு ஒன்று வாங்கினேன். செகண்ட் ஹேண்ட், பிராண்ட் பெயர் இங்கே வேண்டாம், பழைய மாடல்களைப் பார்த்துச் செய்தது. பதினாறு அங்குல அகலம், மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆழம், உள்ளே முழுக்கக் காலி, மேலே ‘f’ எழுத்து வடிவில் இரண்டு எஃப் துளை, கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் பிக்கப் இரண்டு, பி-90 மாதிரி. வந்த அன்றே என் புத்திசாலித்தனத்தைக் காட்டிவிட்டேன். பழைய கம்பி ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றினேன், கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் தனியாக நழுவித் தரையில் விழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கிட்டாரையே உடைத்துவிட்டேன் என்று அரை மணி நேரம் யாரிடமும் பேசவில்லை. அதற்குத் திருகே கிடையாது, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. திரும்ப வைத்துவிட்டேன், ஆனால் இப்போது மேல் ஃபிரெட்டுக்குப் போகப் போகச் சுருதி விலகுகிறது.

அடுத்தது ஊளை, அதாவது ஃபீட்பேக். ஆம்ப் வால்யூம் பாதியைத் தாண்டினால் போதும், ஆறாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டில் ஜி வாசித்தால் கையை எடுத்த பிறகும் நிற்காமல் பெருத்துக்கொண்டே போகிறது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து “தம்பி, மோட்டார் போட்டுட்டு மறந்துட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் பிறகு அந்த ‘டொக்’ வரவே இல்லை. என் நண்பன் சொல்கிறான், பழைய கிட்டார்களில் மரம் அறுபது எழுபது வருடம் உலர்ந்து முதிர்ந்திருக்கும், புதுசில் அந்தச் சத்தத்துக்கு வழியே இல்லை, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்று. அப்படித்தானா?


ஆறுகம்பி எழுதியது:

தம்பி, பிரிட்ஜ் விழுந்ததற்கு வெட்கப்பட வேண்டாம். ஹாலோ பாடி வாங்கின எல்லோர் வீட்டிலும் அது ஒரு தடவை விழுந்திருக்கும், வெளியே சொல்ல மாட்டார்கள். வயலினில் குதிரை (அதன் பிரிட்ஜ்) எப்படி நிற்கிறதோ அதே கதைதான் இங்கேயும். 1922-ல் கிப்சன் கம்பெனி எல்-5 மாடலைக் கொண்டுவந்தபோது வட்டத் துளையை விட்டுவிட்டு, வயலினைப்போலவே மேல்பலகையைக் குடைந்து வளைத்து எஃப் துளை வைத்தார்கள், தளர்வான குதிரையும் அந்தப் பரம்பரைதான்.

சரிசெய்வது சுலபம். ஒன்றாம் கம்பியில் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எடுங்கள், அப்புறம் அதே ஃபிரெட்டை அழுத்தி வாசியுங்கள். அழுத்தியதன் சுருதி கூடுதலாக இருந்தால் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி பிரிட்ஜை வால்பக்கம் ஒரு மயிரிழை நகர்த்துங்கள், குறைவாக இருந்தால் கழுத்துப் பக்கம். ஆறாம் கம்பிக்கும் அதே. இரண்டும் சேர்ந்ததும் பிரிட்ஜின் காலைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக்கொள்ளுங்கள். இனிமேல் கம்பி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, ஒன்றை மாட்டி, அதற்குப் பிறகு அடுத்தது.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன நாலு பேரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்டி மூர் 1954-ல் எல்விஸோடு முதல் தட்டுக்கு வாசித்தது தங்க நிறக் கிப்சன் இஎஸ்-295. காக்ரன், டுவேன் எடி இருவரும் ஆரஞ்சு நிற கிரெட்ச் 6120. சக் பெரி, கிப்சன் இஎஸ்-350டி. நாலுமே ப்ளைவுட்! மேப்பிள் மரத்தை மெல்லிய அடுக்குகளாகச் சீவி, பசை போட்டு, அச்சில் வைத்து அழுத்தியது. குடைந்து செதுக்கிய ஸ்ப்ரூஸ் பலகை எல்-5 மாதிரி விலையுயர்ந்த கிட்டாருக்குத்தான் (ஸ்காட்டி 1955-ல் அதற்கு மாறினார், அது வேறு). 1949-ல் வந்த இஎஸ்-175-ன் பெயரில் இருக்கும் 175 அதன் அன்றைய டாலர் விலை. செதுக்குவதைவிட அழுத்துவது மலிவு என்பதால்தான் அந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது. ராக் இசையின் ஆதி கிட்டார்கள் என்று நாம் கும்பிடுகிறவை பெரும்பாலும் இந்த மலிவு வழியில் பிறந்தவைதான். அடுக்குப் பலகை விறைப்பாக இருப்பதால் ஊளையும் கொஞ்சம் குறைந்தது, அது கூடுதல் லாபம். முதிர்ச்சி ஒன்றுமே செய்யாது என்று நான் சண்டைக்கு வரவில்லை, ஆனால் பசையில் ஊறின பலகை உலர்ந்து பாடும் என்பதை நம்ப எனக்கு மனசு வரவில்லை.

வயசானால் என்ன ஆகும் என்பதை ஒரு தடவை பக்கத்தில் பார்த்தேன். ஊர் விட்டு ஊர் போன இடத்தில் ஒரு கடையில் 1950களின் ஹாலோ பாடி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். விளிம்பைச் சுற்றி ஒட்டியிருந்த செல்லுலாய்டு பட்டை, அந்தக் காலத்துச் சினிமா பிலிமுக்கு உறவு, பழுத்து மஞ்சளாகிப் பொரித்த அப்பளம்போல விரல் பட்ட இடத்தில் உதிர்ந்தது. அதிலிருந்து வரும் அமில வாடையில் பக்கத்தில் இருந்த நிக்கல் பூச்சும் பச்சையாகப் பூத்திருந்தது. விலையைக் கேட்டதும் மெதுவாகத் திரும்ப மாட்டி வைத்துவிட்டேன்.

இனி ஊளை. பிக்கப் கம்பியைத்தான் கேட்கிறது, ஆனால் கம்பி நிற்பது பெட்டியின் மேல். ஆம்பிலிருந்து வரும் சத்தம் பெட்டியை ஆட்டும், பெட்டி குதிரையை ஆட்டும், குதிரை கம்பியை ஆட்டும், அதைப் பிக்கப் திரும்பவும் ஆம்புக்கு அனுப்பும். வட்டிக்கு வட்டி போட்டதுபோல ஏறிக்கொண்டே போகும். ஏன் ஜி மட்டும் என்றால், பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு ஒரு சொந்தச் சுருதி உண்டு, காலி பாட்டில் வாயில் ஊதினால் வருமே அதே மாதிரி. உங்கள் பெட்டி அளவுக்கு அது 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். ஆறாம் கம்பி மூன்றாம் ஃபிரெட் ஜி 98 ஹெர்ட்ஸ். இதில் இன்னொரு வேடிக்கை, பி-90 ஒற்றைச் சுருள் பிக்கப், கரண்ட்டின் ஹம்மையும் சேர்த்துப் பிடிக்கும். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. அதாவது நீங்கள் வாசிக்காமல் இருக்கும்போதே அந்த ஜி-க்குப் பக்கத்தில் ஒருவர் முனகிக்கொண்டுதான் இருக்கிறார்.

எஃப் துளையில் மெத்தென்ற ஸ்பாஞ்ச் வெட்டிச் செருகுங்கள், உள்ளே விழுந்தால் எடுக்க ஒரு நூல் கட்டிவிடுங்கள். ஆம்புக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். ஈக்வலைசர் இருந்தால் 100 பக்கம் கொஞ்சம் வெட்டுங்கள். இந்த வைத்தியம் ஒன்றும் கேவலம் இல்லை. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் வாசித்த கிரெட்ச் கன்ட்ரி ஜென்டில்மேனை ஏழு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் டிவியில் பார்த்தார்கள். அதில் தெரியும் எஃப் துளைகள் துளையே இல்லை, மூடிய பலகையில் துளை மாதிரி வேலைப்பாடு செய்து வைத்தது. ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி. கிங்கும் 1980-ல் தன் பெயரில் வந்த லூசில் மாடலுக்கு எஃப் துளையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், காரணம் இதே ஊளை.


சூடான வால்வு எழுதியது:

ஆறுகம்பி அண்ணா எல்லாம் சொன்னார், கேட்ட ‘டொக்’கை மட்டும் விட்டுவிட்டார் :)

மொட்டைமாடி, நீங்கள் கேட்ட அந்த ‘டொக்’கில் பாதி கிட்டாரே இல்லை என்று சொன்னால் கோபப்படாதீர்கள். 1954 ஜூலையில் மெம்பிஸில் சன் ஸ்டுடியோவில் ‘தட்ஸ் ஆல் ரைட்’ பதிவானபோது அறைக்குள் வாசித்தது மூன்று பேர். எல்விஸ் கையில் சாதாரண கிட்டார், ஸ்காட்டி மூர், அப்புறம் நிற்க வைத்து வாசிக்கும் பெரிய பேஸோடு பில் பிளாக். டிரம்ஸ் கிடையாது. பில் பிளாக் பேஸ் கம்பியை இழுத்து விட்டுப் பலகையில் ‘சடக்’கென்று அடிக்கவிடுவார், அதுதான் தாளம். ஹெட்போனில் கேட்டால் கிட்டார் நோட்டும் அந்த அடியும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும், பஸ் இரைச்சலில் இரண்டையும் பிரித்துக் கேட்டிருக்க முடியாது. ஒருமுறை வீட்டில் அமைதியாகப் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

மீதிப் பாதியில் கம்பிக்குப் பெரிய பங்கு. என்ன கம்பி போட்டிருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. சாலிட் பாடியில் போடும் 9 அல்லது 10 செட்டை (எண் கூடினால் கம்பி தடிமன்) அப்படியே இதிலும் போட்டிருந்தால் பிரச்சினை அங்கேதான். அந்தக் காலத்தில் கடையில் கிடைத்த செட்டில் மூன்றாம் கம்பிக்கும் சுற்று உண்டு, மொத்தமும் தடிமன். மேலே தட்டையான உலோகப் பட்டை சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் 12 செட் ஒன்று வாங்கிப் போடுங்கள். கையில் சறுக்கும் ‘கிரீச்’ போய்விடும், மேல்நாதம் அடங்கும், தட்டிய கணம் மட்டும் தெளிவாக நிற்கும். கை வலிக்கும், அது வேறு. பென்டு போடுவதை (கம்பியை வளைத்துச் சுருதி ஏற்றுவதை) மறந்துவிடுங்கள். காக்ரன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார், சுற்றில்லாத மெல்லிய கம்பியை மூன்றாம் இடத்தில் மாட்டிக்கொண்டார். 1960-ல் இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் அதைப் பார்த்துத்தான் அங்கத்திப் பையன்கள் பலருக்கு இந்தச் சூட்சுமமே தெரிந்தது. அந்தப் பயணத்திலேயே கார் விபத்தில் இறந்துவிட்டார். வயசு 21.

எக்கோவை விட்டுவிட்டு இந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசவே முடியாது. சன் ஸ்டுடியோ சாம் பிலிப்ஸ் இரண்டு டேப் மெஷின் வைத்திருந்தார். ஒன்றில் பதிவாகிறதை இரண்டாவதுக்கும் அனுப்பி, அதன் பதிவுத் தலைக்கும் வாசிப்புத் தலைக்கும் நடுவே டேப் கடக்கும் நேரத்தைத் தாமதமாக எடுத்துக் கலப்பார். ஒரு நொடியில் ஏழெட்டில் ஒரு பங்கு. ஒரே ஒரு பதில், அதற்குமேல் கிடையாது. ஸ்லாப்பேக் என்பது அதுதான். உங்கள் டிலே பெடலில் 130 மில்லிசெகண்ட் பக்கம் வைத்து, ரிபீட்டை ஒன்றோடு நிறுத்தி, மிக்ஸைக் கொஞ்சம் தூக்குங்கள். ஹாலோ பாடி நோட்டு சீக்கிரம் செத்துவிடும் என்றீர்களே, அது செத்த இடத்தில் இது வந்து உட்காரும். சாலிட் பாடியில் நோட்டு நீண்டுகொண்டே இருப்பதால் இரண்டும் மோதிக்கொள்ளும். அதனால் கிட்டாருக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

இதில் ரே பட்ஸ் என்று ஒரு மனிதர் வருகிறார், இல்லினாய் மாநிலத்தில் கெய்ரோ என்ற சின்ன ஊர்க்காரர், எனக்கு மிகவும் பிடித்தவர். ஸ்டுடியோவில் மட்டும் கிடைத்த அந்த எக்கோவை ஆம்புக்குள்ளேயே டேப் வைத்துக் கட்டினார், பெயர் எக்கோசோனிக். முதலில் வாங்கியவர்களில் ஒருவர் கன்ட்ரி இசைக் கிட்டார்காரர் செட் அட்கின்ஸ். அதைக் கேட்டுவிட்டு ஸ்காட்டி மூரும் 1955-ல் ஒன்று வாங்கினார், அப்புறம் மேடையிலும் ஸ்டுடியோ சத்தம். இதே ரே பட்ஸிடம் செட் அட்கின்ஸ் வந்து, என் கிரெட்ச் பிக்கப் ஹம் அடிக்கிறது, காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கிறது என்று குறைப்பட, இரண்டு சுருளை எதிரெதிராக வைத்து ஹம்மைக் கொன்று ஒரு பிக்கப் செய்துகொடுத்தார். அதுதான் ஃபில்டர்ட்ரான். அதே காலத்தில் கிப்சனில் சேத் லவர் என்பவர் தனியாக அதே யோசனையை ஹம்பக்கராகச் செய்துகொண்டிருந்தார், 1955-ல் பேட்டன்டுக்கு விண்ணப்பம் போட்டார். ஹம்பக்கர் தடிமனாகப் பாடும், ஃபில்டர்ட்ரான் கொஞ்சம் கண்ணாடி உடைகிற மாதிரி. ராக்கபில்லிக்காரர்கள் (அந்த 1950களின் ராக் அண்ட் ரோல் பாணிக்காரர்கள்) பலர் ஃபில்டர்ட்ரான் கட்சி, நானும்.

டுவேன் எடி கதை இன்னும் மேலே. ஃபீனிக்ஸில் இவர்கள் பதிவு செய்த ஸ்டுடியோவில் எக்கோ அறை கிடையாது. தயாரிப்பாளர் லீ ஹேசல்வுட் சுமார் 2000 கேலன் கொள்ளும் காலித் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வாங்கி வெளியே போட்டு, ஒரு முனையில் ஸ்பீக்கர், மறுமுனையில் மைக். 1958-ல் வந்த ‘ரெபெல் ரவுசர்’ அந்தத் தொட்டிக்குள் போய் வந்த சத்தம். மெலடியை மேல் கம்பிகளில் வாசிக்காமல் தடித்த கம்பிகளில் வாசித்து, கம்பிகளின் சுருதியை ஆட்டும் பிக்ஸ்பி கைப்பிடியை மெல்ல அழுத்தி ஒரு ஆட்டம். நம் மொட்டைமாடியிலும் சின்டெக்ஸ் தொட்டி இருக்குமே, காலியாக இருக்கும் நாளாகப் பார்த்து முயற்சி பண்ணுங்கள். பிளாஸ்டிக் எதிரொலி எப்படி இருக்கும் என்று நானும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.


புதுவரவு எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். சக் பெரி வாசித்தது இஎஸ்-335 இல்லையா? நான் பார்த்த எல்லா வீடியோவிலும் மெல்லிய, இரண்டு பக்கமும் கொம்பு வெட்டிய சிவப்புக் கிட்டார்தான் இருக்கிறது.


பின்வரிசை எழுதியது:

புதுவரவு, நீங்கள் பார்த்தது பிற்காலத்து வீடியோ. அந்தக் குடும்பத்துக் கிட்டாருக்கு அவர் பிறகு மாறினார். 335 பிறந்ததே 1958-ல், அது முழு ஹாலோவும் இல்லை, நடுவில் கழுத்திலிருந்து வால்வரை ஒரு மரக்கட்டை ஓடும், இரண்டு ஓரமும் மட்டும் காலி. ஊளைக்கும் சாலிடுக்கும் நடுவே செய்துகொண்ட பஞ்சாயத்து. பெரியின் 1950களின் கிட்டார் இஎஸ்-350டி. அவர் கிட்டார் ஒன்று இன்றைக்கு வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் அவருடைய சிவப்புக் காடிலாக்கோடு இருக்கிறது. 350டி-யில் யாரும் கவனிக்காத ஒன்று அதன் ஸ்கேல் நீளம் (கம்பி அதிரும் நீளம்), இருபத்து மூன்றரை அங்குலம்தான், வழக்கமான கிப்சனைவிட ஒன்றேகால் அங்குலம் குட்டை. அதே கம்பி அதே சுருதிக்குத் தளர்வாக நிற்கும். இரண்டு கம்பியைச் சேர்த்து ஒரே விரலில் தள்ளுகிற அந்தப் பெரி நடை அதில் எவ்வளவு சுலபம் என்று வாசித்துப் பார்த்தால் தெரியும். நான் பேஸ்காரி, என் விரலுக்கே சுலபமாக இருந்தது.

நான் வந்தது வேறு விஷயத்துக்கு. இரண்டு பேரும் ஊளையை எப்படிக் கொல்வது என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அதைத் தேடிப் போய்க் காசு கொடுத்து வாங்கியவர் ஒருவர் இருக்கிறாரே! 1964 கடைசியில் பால் மெக்கார்ட்னி எபிஃபோன் காசினோ வாங்கினார். அதற்குமுன் ப்ளூஸ்காரர் ஜான் மேயல் தன் பழைய தட்டுகளைப் போட்டுக் காட்டி, ஒரு ஹாலோ பாடியையும் காட்டியிருந்தார். மெக்கார்ட்னிக்கு வேண்டியிருந்ததே ஃபீட்பேக் தரும் கிட்டார். காசினோ 1961-ல் வந்த மாடல், கிப்சன் இஎஸ்-330-க்கு உடன்பிறப்பு. பார்க்க 335 மாதிரி மெலிசாக இருக்கும், ஆனால் உள்ளே கட்டை கிடையாது, சுத்தமாகக் காலி, மேலே இரண்டு பி-90. பீட்டில்ஸின் ‘டாக்ஸ்மேன்’ பாட்டில் நடுவே கத்தி வீசியது மாதிரி ஒரு சோலோ வருமே, எல்லோரும் ஜார்ஜ் ஹாரிசன் என்று நினைப்பார்கள், அது மெக்கார்ட்னி, அந்தக் காசினோவில். அதில் ‘பழைய காலத்து மென்மை’ என்று எதையாவது காட்டுங்கள் பார்ப்போம். நோட்டு அடங்குகிற நேரத்தில் பெட்டி தானாக எழுந்து கூடவே கத்துகிறது, அவ்வளவுதான்.

1966-ல் லெனானும் ஹாரிசனும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். லெனான் 1968-ல் தன்னுடையதில் இருந்த சன்பர்ஸ்ட் வண்ணத்தை எல்லாம் சுரண்டி எடுத்து வெறும் மரமாக்கிவிட்டார். 1969 ஜனவரி 30, லண்டனில் மாடியில் குளிரில் நின்று வாசித்தார்களே, லெனான் கையில் இருப்பது அதுதான். (மொட்டைமாடி என்று பெயர் வைத்துக்கொண்டு நீங்கள் இதைக் கேட்காமல் விட்டது குற்றம்.)

ஊளை என்பது இடத்தைப் பொறுத்தது. ஆம்பிலிருந்து இரண்டடி தள்ளினால் ஜி ஊளையிடும், நாலடி தள்ளினால் அதற்கு மேல் ஸ்தாயி எழும், உடம்பைத் திருப்பினால் அடங்கும். தரையில் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டு பழகினால் அதையே வாசிக்கலாம். ஸ்பாஞ்சை நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

கிரெட்ச் பற்றியும் ஒரு வார்த்தை, வால்வு பாதியில் விட்டதால். 1883-ல் புரூக்ளினில் பாஞ்சோ, டிரம், டம்பரீன் செய்ய ஆரம்பித்த குடும்பம். 6120-ஐச் செட் அட்கின்ஸ் பெயரில் கொண்டுவந்தபோது கவ்பாய் மோகத்தில் பலகையில் ‘ஜி’ என்று மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரிச் சுட்டார்கள், ஃபிரெட் பலகையில் மாட்டுத் தலையும் கள்ளிச்செடியும். செட் அட்கின்ஸுக்கே அது பிடிக்கவில்லை, கொஞ்ச காலத்தில் எடுத்துவிட்டார்கள். பீட்டில்ஸ் டிவியில் வந்த பிறகு கேட்ட அளவுக்குச் செய்துகொடுக்க முடியாமல் திணறியவர்கள், 1967-ல் பால்ட்வின் பியானோ கம்பெனிக்கு விற்றார்கள், தொழிற்சாலை அர்கன்சாவுக்குப் போனது, 1973-ல் தீ விபத்து, 1980களின் தொடக்கத்தில் கிட்டார் செய்வதே நின்றுபோனது. கம்பெனி மூடுகிற அதே நேரத்தில் பிரையன் செட்சர் என்ற லாங் ஐலண்ட் பையன் நூறு டாலருக்கு வாங்கின 1959 மாடல் 6120-ஓடு 1980-ல் லண்டன் போய், ஸ்ட்ரே கேட்ஸ் என்ற பெயரில் ராக்கபில்லியைத் திரும்ப ஊர் முழுக்கக் கேட்க வைத்தார். 1985-ல் குடும்பமே கம்பெனியைத் திரும்ப வாங்கியது, 1989-ல் ஜப்பானில் செய்து மறுபடி கிட்டார் வந்தது. செட்சரின் அந்த 1959 மாடலுக்குள் மேல்பலகையையும் பின்பலகையையும் இணைக்கிற கால்கள் இருக்கின்றன, ரயில் பாலத்துக்குத் தூண் கொடுத்தது மாதிரி. அதனால்தான் அவ்வளவு சத்தத்திலும் அது ஊளையிடாமல் நிற்கிறது. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 1971-ல் ‘ஹூஸ் நெக்ஸ்ட்’ ஆல்பத்தில் வாசித்ததும் இன்னொரு கிட்டார்காரர் ஜோ வால்ஷ் பரிசாகக் கொடுத்த 1959 மாடல் 6120-தான். தி ஹூ அளவுக்குச் சத்தமான குழு அன்றைக்குக் குறைவு.


ஆறுகம்பி எழுதியது:

அம்மா பின்வரிசை, கீழ்வீட்டுக்காரர் பிரச்சினைக்குச் சாக்பீஸ் தீர்வாகுமா?


பின்வரிசை எழுதியது:

அவருக்கும் ஒரு ஸ்பாஞ்ச் வெட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள் அண்ணா, காதுக்கு.


மொட்டைமாடி எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், வேலை அதிகம். மூன்று பேருக்கும் நன்றி, முக்கியமாகப் பின்வரிசை அக்காவுக்கு, மாடி விஷயத்தில் மானத்தை வாங்கியதற்கு.

பிரிட்ஜை அண்ணா சொன்னபடி நகர்த்தினேன். நான் வைத்திருந்த இடம் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் தப்பு. இப்போது பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேலேயும் சுருதி சேர்கிறது. பென்சில் கோடு போட்டாகிவிட்டது. கம்பி விஷயத்தில் வால்வு சார் கண்டுபிடித்துவிட்டார், நான் போட்டிருந்தது 10 செட், அதுவும் சாலிட் பாடிக்கு வாங்கி மீந்தது. ஊரில் ஃப்ளாட்வவுண்ட் கிடைக்காமல் ஆன்லைனில் வரவழைத்து 12 செட் போட்டேன், மூன்றாம் கம்பிக்கும் சுற்று உண்டு. முதல் நாள் வாசித்துவிட்டு இடதுகை விரல் நுனியில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் கழுத்துப் பிக்கப்பில், டோனைப் பாதிக்குக் குறைத்து, பிக்கைக் கழுத்துப் பக்கம் வைத்து ஏ கார்டைத் தட்டினபோது அது வந்தது. முழுசாக இல்லை, ஆனால் அதுதான். தங்கச்சி அடுக்களையிலிருந்து “யாரு கதவத் தட்டுறது?” என்று கேட்டாள், சத்தியமாக.

அந்தப் பாட்டை ஹெட்போனில் கேட்டேன். பில் பிளாக் பேஸ் அடி தனியாகக் கேட்கிறது, ஒருதடவை பிரித்துக் கேட்டபிறகு இனிமேல் சேர்த்துக் கேட்க முடியவில்லை, அது கொஞ்சம் வருத்தம்தான். டிலே 130-ல் வைத்திருக்கிறேன். வேகமான பாட்டுக்கு அது கொஞ்சம் மெதுவாகத் தோன்றுகிறது, 110-க்கு இறக்கினால் சரியாக இருக்கிறது, இது தப்பா என்று தெரியவில்லை. தொட்டி காலியாகிற நாளுக்குக் காத்திருக்கிறேன், இந்த மாதம் மழை.

இரண்டு எஃப் துளையிலும் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைச் சாமான் கழுவாத புதுசாக வெட்டிச் செருகினேன், நூலும் கட்டினேன். ஊளை சுத்தமாக நின்றுவிட்டது. நாலு நாள் அப்படியே வாசித்தேன், ஏதோ ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது. நேற்று ராத்திரி மேல் பக்கத்து ஸ்பாஞ்சை மட்டும் எடுத்துவிட்டேன். ஜி-யில் இன்னும் கொஞ்சம் முனகுகிறது, கீழ்வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார்.